புழல் சிறையும் ஒரு வாக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றவாளிகளுக்கு வாக்குரிமை கூடாது என்று வாதிட்ட தங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தலையங்கம், நம் சட்டமும் அதையே சொல்வதாக ஒரே வரியில் எழுதிக் கடந்து போயிருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் தாங்கள் அறியாதவர் அல்லர் என்பதால்தான் அந்த வரி என்னை மிகவும் வருத்தியது. அச்சட்டத்தின் 62(5) பிரிவு, ஒருவர் குற்றம் செய்தாரா என்று பார்ப்பதில்லை. வாக்குப்பதிவு நாளில் அவர் சிறையிலோ போலீஸ் காவலிலோ இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறது.

2021 ஏப்ரல் 6 அன்று என் தம்பி புழலில் விசாரணைக் கைதியாக இருந்தான். ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. நீதிமன்றம் கேட்ட ஜாமீன்தாரர்கள்தாம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அன்று எங்கள் வாக்குச்சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே இருந்தவர். அவர் வாக்களித்தார், சட்டப்படி அது சரிதான், அதில் எனக்கு மனக்குறையும் இல்லை. ஆனால் எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லாத என் தம்பியால் வாக்களிக்க முடியவில்லை. பின்னர் அவன் விடுதலையானான். அவனது கைதைப் படத்துடன் வெளியிட்ட நாளிதழ், விடுதலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

1997இல் அனுகூல் சந்திர பிரதான் வழக்கில் இந்தப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கைதிகளை வாக்களிக்க வைக்கக் கூடுதல் போலீசாரும் ஏற்பாடுகளும் தேவைப்படும் என்பதையும் ஒரு காரணமாகக் கூறியது. ஆனால் குண்டர் சட்டத்தில் தடுப்புக் காவலில், அதாவது இனிக் குற்றம் செய்யாமல் தடுக்கவென்று முன்கூட்டியே அடைக்கப்பட்டு, இருப்பவருக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. அவர் சிறைக்குள்ளிருந்தே தபால் வாக்கு அளிக்கலாம். அவருக்கு வந்து சேரும் தபால் உறை, பக்கத்துக் கொட்டடியில் இருக்கும் விசாரணைக் கைதிக்கு மட்டும் ஏன் வரக்கூடாது?

சிறையில் இருப்பவர் தேர்தலில் நிற்கவும் முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியதும், அதே ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த வழியைத் திறந்துவிட்டது. 2024இல் திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபடியே ‘பொறியாளர் ரஷீத்’ என்று அறியப்படும் அரசியல்வாதி காஷ்மீரின் பாரமுல்லா மக்களவைத் தொகுதியில் வென்றார். வேட்பாளருக்காக அவ்வளவு விரைந்த நாடாளுமன்றம் வாக்காளருக்காக அசையவில்லை என்பதைத் தங்கள் தலையங்கம் ஒரு சொல்லாலும் குறிப்பிடாதது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

62(5) பிரிவை அதன் விலக்குடன் முழுமையாகத் தமிழில், தலையங்கம் வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வியாசர்பாடி, சென்னை.