யானைகளின் புதிய வாழிடத் திட்டம்: துணைநின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். நமது பழம்பெரும் உயிரியல் பூங்காவில் யானைகளுக்கெனப் புதிய வாழிடம் அமைக்கும் திட்ட வரைவு நிறைவடைந்து, ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே நன்றி கூறுவது வழக்கமில்லை. ஆனாலும் இந்த வரைவின் சிறப்புகளில் பெரும்பாலானவை, குழுவில் இடம்பெறாத பலர் நேரம் ஒதுக்கி எடுத்துச் சொன்னவை என்பதால், அதை இப்போதே எழுத்தில் பதிவு செய்ய விரும்புகிறோம்.

முதல் நன்றி யானைப் பராமரிப்பாளர்களுக்கு உரியது. இரவுக் கொட்டிலின் தரை சிமென்ட்டா மணலா என்ற கேள்வி கூட்டத்துக்குக் கூட்டம் முடிவாகாமல் நீண்டது. சிமென்ட் தரையைக் கழுவுவது எளிது, வடிகால் அமைப்பதும் எளிது என்று பொறியாளர்கள் கூறியதில் நியாயம் இருந்தது. மூத்த பராமரிப்பாளர் ஒருவர் அதற்கு மறுப்பு ஏதும் சொல்லாமல், காலை நேரப் பாதப் பராமரிப்பைப் பார்க்க வரும்படி அனைவரையும் அழைத்தார். தடுப்புக் கம்பிகளுக்கு அப்பால் நின்ற முதிய பிடி, அவர் குரல் கேட்டதும் முன்காலைத் தூக்கித் தாங்கியின்மேல் வைத்தது. அவர் நகம் நகமாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஒரு நகத்தின் ஓரத்தில் இருந்த வெடிப்பையும் அதற்குள் சிக்கியிருந்த சிறு கல்லையும் காட்டினார். ஆசிய யானைக்குப் பொதுவாக முன்கால் ஒவ்வொன்றிலும் 5 நகங்களும் பின்கால் ஒவ்வொன்றிலும் 4 நகங்களும் உண்டு. கடினத் தரையிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கும் யானைக்கு இவற்றில் எதிலும் சீழ் பிடிக்கலாம், மூட்டுகள் தேயலாம், முற்றிய நிலையில் அது உயிருக்கே உலையாகலாம். அன்று மாலைக் கூட்டத்தில் மணல் என்று முடிவாயிற்று. ஆழமாக நிரப்பிய மணலோடு, சரிவான மணல் மேடுகளையும் சேர்க்கச் சொன்னவர்களும் பராமரிப்பாளர்களே. மூட்டு வலியால் படுக்கவே தயங்கும் முதிய யானைகள் மேட்டில் சாய்ந்து ஓய்வெடுக்கும், எழுவதும் அவற்றுக்குச் சுலபம்.

அங்குசமின்றி, தடுப்புக்கு வெளியே நின்றபடியே பயிற்சியும் சிகிச்சையும் அளிக்கும் முறைக்கு ஏற்பக் கதவுகளும் பயிற்சிச் சுவரும் அமைய வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதற்கும் நன்றி. அது அவர்களுடைய பாதுகாப்பும்கூட.

அடுத்து, மரபுக் கட்டடக் காப்பு வல்லுநர்கள். பழைய யானைக் கொட்டிலை இடிக்கவும் கூடாது, அதில் யானைகளைத் தொடர்ந்து வைத்திருக்கவும் கூடாது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு அவர்களுக்கு இருந்தது. லண்டன் உயிரியல் பூங்காவில் ஹியூ காசன் வடிவமைத்து 1965இல் திறக்கப்பட்ட யானை மண்டபம் இன்றும் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக நிற்கிறது. யானைகளோ 2001இல் நகருக்கு வெளியே உள்ள விப்ஸ்னேட் உயிரியல் பூங்காவின் பரந்த நிலத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன. 1859இல் தொடங்கிய கோபன்ஹேகன் பூங்கா வேறு வழியை நாடி, 2008இல் தன் வளாகத்துக்குள்ளேயே புதிய யானை இல்லம் கட்டியது. இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து ஆராய்ந்து, நமது கொட்டிலை வரலாற்றுக் காட்சிக்கூடமாக்கும் யோசனையை முன்வைத்தவர்கள் அவர்களே. பார்வையாளர் வசதிக்காகவே கட்டப்பட்ட அக்கட்டடம் பார்வையாளர்களிடமே சேர்வது பொருத்தம்தான்.

ஒலியியல் பொறியாளர்களின் உதவியை நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. மனிதக் காதுக்கு எட்டாத தாழ் ஒலிகளால் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பதை 1984இல் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவின் யானைகளிடம் முதலில் உணர்ந்தவர் விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன். அந்த ஒலி எல்லையில் நமது நீரேற்றும் மோட்டார்களும் ஜெனரேட்டரும் எவ்வளவு இரைகின்றன என்று இரவு நேரத்தில் அளந்து, அவற்றைக் கொட்டிலுக்கு எதிர்ப்புறம் மாற்றச் சொன்ன பரிந்துரை முழுமையாக ஏற்கப்பட்டுள்ளது.

கால்நடை மருத்துவர்கள், யானைக் கன்றுகளைச் சில நாட்களிலேயே பலிகொள்ளும் ஹெர்பிஸ் வைரஸ் நோயைக் கருத்தில் கொண்டு, ரத்தப் பரிசோதனைக்கான ஆய்வகத்தைக் கொட்டிலுக்கு அருகிலேயே கேட்டுப் பெற்றார்கள். களிற்றுக்கெனத் தனி முற்றம் வேண்டும் என்பதும் அவர்கள் கருத்தே. மதம் பிடிக்கும் காலத்தில் அதைச் சங்கிலியால் கட்டாமல் பராமரிக்க வேறு வழியில்லை. சூரிக் பூங்கா 2014இல் திறந்த யானை வளாகத்தில், தீவனம் எங்கே எப்போது கிடைக்கும் என்று யானை ஊகிக்க முடியாதபடி பல இடங்களில் ஒளித்து வைக்கிறார்கள். நாளின் பெரும்பகுதியை இரை தேடுவதிலேயே கழிக்கும் இயல்புள்ள விலங்குக்கு அது நல்ல ஏற்பாடு என்பதால், நமது வரைவிலும் அதைச் சேர்க்க உதவிய தோட்டக்கலைப் பிரிவினருக்கும் கடன்பட்டுள்ளோம். நிதி வழங்கியோர், கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்த அக்கம்பக்கத்தார், யானைகளை வரைந்து அனுப்பிய பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் நன்றி.

நகர நெரிசலுக்குள் அமைந்த பழைய பூங்காவில் யானைகளே இருக்கக் கூடாது என்று எங்களிடம் நேருக்கு நேர் வாதிட்ட நண்பர்களை இங்கே விட்டுவிட முடியாது. அவர்களுடைய வாதம் இன்னும் முடிந்துவிடவில்லை. அதில் வலு இருப்பதாகவே குழுவில் சிலரும் கருதுகிறோம். வாகன நிறுத்துமிடத்தின் நிலம் யானைகளின் முற்றத்தோடு சேர்க்கப்பட்டதற்கும், இருக்கும் பிடிகள் ஒன்றையொன்று பிரியாமல் சேர்ந்தே வாழ வேண்டும் என்ற விதி சேர்ந்ததற்கும், இடம் போதாது எனத் தெரிந்தால் யானைகளை வேறிடம் அனுப்பலாம் என்ற பிரிவு வரைவில் எழுதப்பட்டதற்கும் அவர்கள் கொடுத்த அழுத்தமே காரணம்.

வரைபடங்கள் பழைய கொட்டிலின் முன்கூடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. குறை கண்டால் அங்குள்ள பதிவேட்டில் எழுதுங்கள். ஒப்புதல் வரும்வரை ஒவ்வொரு குறிப்பையும் குழு படித்து, எழுத்தில் பதில் தரும்.

நன்றியுடன்,
யானை வாழிடத் திட்டக் குழுவினர்