டிரம்ஸைப் பொதுவில் வைத்த ஐயாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ளங்களுக்கு வணக்கம்.

நம் ராக் நிதிக் கச்சேரியில் சேர்ந்த பணம் போய்ச் சேர வேண்டிய கைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எதற்காக, யாருக்காக என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத இப்போது மனசு வரவில்லை. நன்றி சொல்லாமல் தூங்கவும் முடியவில்லை.

முதல் நன்றி, தன் டிரம் செட்டை எல்லாக் குழுவுக்கும் விட்டுக்கொடுத்த அந்த மூத்த டிரம்மருக்கு. பல குழுக்கள் அடுத்தடுத்து ஏறும் ராக் கச்சேரியில் நேரத்தை விழுங்குவது டிரம்ஸ்தான். ஒரு செட்டைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டினால் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (முன்னால் இருக்கும் தட்டை டிரம்), ஹை-ஹேட் (ஜோடித் தட்டு), மூன்று டாம் (மற்ற டிரம்கள்), சிம்பல் எனும் உலோகத் தட்டுகளுக்கு மேலே இரண்டு என எட்டு மைக்கையும் மறுபடி நிறுத்த வேண்டும். மிக்சரிலும் அத்தனை சேனலையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்ட் நிதிக் கச்சேரியில் இந்த மாற்று நேரத்தைக் குறைக்கத்தான் சுழலும் மேடை போட்டார்கள். நமக்கு அது ஏது? ஐயாவின் செட் அசையாமல் நின்றது. மற்றவர்கள் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் எடுத்துவந்தால் போதும் என்றாகிவிட்டது.

இரவல் தருகிறவர்கள் உண்டு. தந்துவிட்டுக் கடைசிவரை மேடையோரம் நின்றவர் இவர். ஸ்டூலும் ஹை-ஹேட் ஸ்டாண்டும் ஒவ்வொருவருக்கும் எங்கே நிற்க வேண்டும் என்று விரிப்பில் ஆளுக்கொரு நிறத்தில் டேப் ஒட்டினார். கிக் பெடலின் மரத்தலை பீட்டர் (அடிக்கும் கோல்) பட்டுக் கிக் தோல் கிழியாமல் இருக்க, அடி விழும் இடத்தில் முன்கூட்டியே ஒட்டுத்தோல் வைத்தார். விளக்குச் சூட்டில் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமின் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் குனிந்து, தோலை இறுக்கும் ஆணிக்கு ஒரு அங்குலம் உள்ளே விரலால் தட்டிக் கேட்டு, எதிரெதிர் ஆணிகளைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் முறுக்கினார். அடுத்தடுத்த ஆணியாகச் சுற்றிக்கொண்டே போனால் தோல் ஒரு பக்கம் இழுத்து, ஓசை அலைபாயும். தான் வாசிக்காத பாட்டுகளுக்கு அந்த வயதில் அவ்வளவு பொறுமை! இடக்கை டிரம்மருக்காக முழுச் செட்டையும் திருப்பிப் போட வேண்டியிருந்தபோதும் முகம் சுளிக்கவில்லை. இடைவேளை முடிந்ததும் அந்த இடக்கை டிரம்மரின் குழுவை ஏற்றியதால், திருப்பிப் போடும் வேலை இடைவேளைக்குள் அடங்கியது.

மூத்த பாடகர்களின் குரலுக்காக அரைச் சுரம் இறக்கி வாசித்தவர்களுக்கு, அதற்கென்றே இன்னொரு கிட்டாரைச் சுருதி சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, மேடைப் படிக்குக் கைப்பிடி போட்டு விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டியவர்களுக்கு, ஸ்பீக்கர் பக்கம் நின்ற பிள்ளைகளுக்குக் காதடைப்பான் மாட்டிவிட்டவர்களுக்கு, ஸ்பீக்கர் லைனையும் விளக்கு லைனையும் தனித்தனியாக இழுத்து உறுமல் வராமல் காத்த மின்பணியாளர்களுக்கு: உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே கை கூப்புகிறோம்.

கணக்கு பார்த்தவர்களுக்குத் தனியாக ஒரு வரி. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் பீட்டில்ஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் பங்களாதேஷுக்காக நடத்திய கச்சேரியின் இசைத்தட்டிலும் படத்திலும் சேர்ந்த தொகையில் பெரும்பகுதி, வரிவிலக்குக்கு முன்கூட்டியே செய்ய வேண்டிய பதிவு இல்லாததால் வரிச் சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கியது. டிக்கெட் அச்சடிக்கும் முன்பே எல்லாத் தாள்களையும் நீங்கள் முடித்து வைத்ததால்தான் இன்று தாமதமில்லை.

ஐயா, இனி நாங்கள் நடத்தும் ஒவ்வொரு கச்சேரிக்கும் முதல் கடிதம் டிரம்மர்களுக்குத்தான் போகும்: செட் பொது, ஸ்டூல் உயரத்தை அளந்து அனுப்புங்கள், இடக்கை என்றால் இப்போதே சொல்லுங்கள். புதுத் தோல்கள் வாங்கிவிட்டோம். உங்கள் செட்டில் எங்கள் செலவில் மாட்டித் தருகிறோம், மறுக்காதீர்கள்.

மேடைக் குழுவினர்