நீ கேட்ட கேள்விக்குத் தாமதமாக ஒரு பதில்

அன்புள்ள மகளே,

சுகமாயிருக்கிறாயா? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மற்றதை அவளே போனில் சொல்லியிருப்பாள். உனக்குப் பதவி உயர்வு வந்ததும் அவள் சொல்லித்தான் தெரியும். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும். ஜெபிப்பதை மட்டும் விட்டுவிடாதே.

தேர்தல் முடிவு வந்த அன்று நீ கேட்டாய்: "இந்த ஆட்சியையும் கர்த்தர்தான் ஏற்படுத்தினார் என்றால், இவர்கள் செய்கிற எல்லாம் அவருக்குச் சம்மதமா அப்பா?" எல்லா அதிகாரமும் தேவனாலே நியமிக்கப்பட்டது என்கிற, வேதத்தில் ரோமர் 13இன் முதல் வசனத்தை நான் சொல்லி உன் வாயை அடைத்துவிட்டேன். அப்போஸ்தலன் பவுல் அதை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57இல், கொடுமைக்குப் பேர்போன நீரோ ரோமை ஆண்டபோது. அப்படிப்பட்டவன் கீழும் விசுவாசி கலங்க வேண்டியதில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் நீ கேட்டது அதுவல்லவே.

அதற்குப் பிறகு தானியேல் 4ஐத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னதமானவர் தமக்குச் சித்தமானவனுக்கு ராஜ்யத்தைக் கொடுக்கிறார் என்று நாம் அடிக்கடி சொல்வோம், ஆனால் அந்த வசனம் அங்கே முடியவில்லை, மனுஷரில் தாழ்ந்தவனையும் அதன்மேல் அதிகாரியாக்குகிறார் என்று தொடர்கிறது. அப்படியென்றால் நாற்காலி கிடைத்ததாலேயே ஒருவன் நல்லவன் ஆகிவிட மாட்டான். அதே அதிகாரத்தில் தானியேல், தான் சேவித்த ராஜாவின் முகத்துக்கு நேரே, பாவத்தை விட்டுவிடும், சிறுமையானவர்களுக்கு இரங்கும் என்கிறான். அந்த ராஜா நேபுகாத்நேச்சார் கேட்கவில்லை. பன்னிரண்டு மாதம் கழித்து அரண்மனைமேல் உலாவி, இது என் வல்லமையால் நான் கட்டிய பாபிலோன் என்று பெருமை பேசி முடிக்குமுன்னே எல்லாம் போயிற்று, மாட்டைப்போல் புல்லைத் தின்றான். இயேசுவும், தம்மைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்த தேசாதிபதி பிலாத்துவிடம், உன் அதிகாரம் பரத்திலிருந்து வந்தது என்றார். அதனால் பிலாத்து குற்றமில்லாதவன் ஆகிவிட்டானா?

இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும், அம்மா. என் அலுவலகத்தில் அந்த மனிதரை வேலையைவிட்டு அனுப்பக் கள்ளக் காரணம் எழுதி, என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். அவர் யார் என்று உனக்குத் தெரியும், அவர் மனைவி நம் வீட்டுக்கு வந்து அழுததும் உனக்கு ஞாபகம் இருக்கும். மேலதிகாரம் தேவன் தந்தது, நாம் என்ன செய்ய முடியும் என்று அன்று எனக்கே ரோமர் 13ஐச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு இருந்தது பயம், அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தேன். உனக்கு அந்த வசனத்தைச் சொன்ன அன்றும் அதே பயம்தான்.

நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைக்கிறேன். என்மேல் கோபமாயிரு, ஆனால் ஜெபிப்பதை விட்டுவிடாதே. ஆட்சியில் இருக்கிறவர்களுக்காகவும் ஜெபம்பண்ணு, அவர்கள் செய்வது அநியாயம் என்றால் அதையும் சொல்லு. தானியேல் இரண்டையும் செய்தான், நான் ஒன்றைத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் பண்ணு என்று எழுத வந்தேன். வேண்டாம், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பண்ணு.

அப்பா