ஏரிக்கரைப் பெற்றோருக்கு: ஓட்டர் லிஸ்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கடிதத்தைப் பிள்ளைகள் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள்.

போன மாதம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா சாதிச் சான்றிதழ் விஷயமாக வந்திருந்தார். நாலாக மடித்த பிளாஸ்டிக் பையை இடுப்பிலிருந்து எடுத்துப் பிரித்தார். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் இருந்தது. பட்டியலில்தான் பெயர் இல்லை. குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருந்த சமயம் சரிபார்க்க வந்தவர்கள், பூட்டிய குடிசையைப் பார்த்துவிட்டு 'குடிபெயர்ந்தவர்' என்று எழுதிவிட்டார்கள். "ஓட்டுப் போடப் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன் சார்" என்றார். அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலைக்காகக் கொஞ்ச காலம் வெளியே போனால் சொந்த ஊர் இல்லாமல் போய்விடாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது. 'புறம்போக்கில் இருக்கிறோம், பட்டா இல்லை, எந்த விலாசத்தை எழுதுவது?' என்று நம் இருளர் குடும்பங்கள் கேட்கிறீர்கள். பட்டா இல்லாவிட்டாலும் ஓட்டு உண்டு. வீடே இல்லாமல் தெருவோரம் படுப்பவருக்கும் உண்டு. பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-இல் எழுதிய இடத்துக்கு பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். அது உறுதியானால் விலாசத்துக்கு வேறு காகிதம் தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விதி.

அப்புறம், கிராம சபையில் உறுப்பினர் யார் தெரியுமா? ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். ஏரிக்கரைக்குத் தெருவிளக்கு வேண்டும் என்று ஜனவரி 26-லோ மே 1-லோ எழுந்து கேட்கவும், அதைத் தீர்மானமாக எழுத வைக்கவும் அந்தப் பெயர் வேண்டும். விளக்கில்லாத அந்தப் பாதையில்தான் நம் பெண் பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து நடந்து வருகிறார்கள்.

17 வயது முடிந்த பிள்ளைகளும் இப்போதே விண்ணப்பிக்கலாம். 18 நிறைந்ததும் பெயர் சேர்ந்துவிடும்.

யாருக்கு ஓட்டு என்று நான் கேட்க மாட்டேன். பள்ளியில் வேறு யாரும் கேட்கவும் விடமாட்டேன்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். படிவத்தை ஆசிரியர்கள் நிரப்பித் தருவார்கள், ஜெராக்ஸ் செலவு எங்களுடையது. கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வைக்கலாம். பொங்கல் முடிந்து சூளைக்குக் கிளம்புகிறவர்கள் கட்டாயம் அதற்குள் வந்துவிடுங்கள். பி.எல்.ஓ. இரவில் வருகிற நாளைக் கேட்டு வைக்கிறேன். அன்றைக்கு டார்ச்சோடு நானும் ஏரிக்கரைக்கு வருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி