பேட்டரி "நார்மல்"னு சொன்னா போதாது, யூனிட்ல அளந்து காட்டுங்க

பெறுநர்: வாரண்டி பிரிவு மேனேஜர் அவர்களுக்கு

பொருள்: எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி கெப்பாசிட்டி குறைஞ்சது, வாரண்டி மறுத்தது சம்பந்தமா

வணக்கம் சார்,

2023ல உங்க மதுரை ஷோரூம்ல 3 யூனிட் (kWh) பேட்டரி உள்ள ஸ்கூட்டர் வாங்கினேன். வாரண்டி கார்டுல 5 வருஷம், அதுக்குள்ள கெப்பாசிட்டி 70 சதவீதத்துக்குக் கீழ போனா பேட்டரி மாத்தித் தருவோம்னு போட்டிருக்கீங்க. இப்ப என் பேட்டரி அதுக்குக் கீழ போயிடுச்சு, சர்வீஸ் சென்டர்ல கேட்டா லேப்டாப்ல கேபிள மாட்டிப் பாத்துட்டு "எல்லாம் நார்மல் சார்"னு ஜாப் கார்டுல எழுதி அனுப்பிட்டாங்க, எத்தனை சதவீதம் இருக்குன்னு கேட்டா அதை கஸ்டமருக்குக் காட்டக் கூடாதாம்.

நான் காளவாசல்ல இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் கடை வச்சிருக்கேன். வீட்டுல வண்டி சார்ஜ் போடுற பாயிண்ட்டுக்குத் தனியா ஒரு சப் மீட்டர் மாட்டியிருக்கேன். வண்டி புதுசுல, தானா கட் ஆகுற வரைக்கும் ஓட்டிட்டு ஃபுல் சார்ஜ் போட்டா மீட்டர்ல 3.3 யூனிட் ஓடும், சார்ஜர் சூடுல போற நஷ்டத்தைக் கழிச்சா நீங்க சொன்ன 3 யூனிட் சரியா வருது. இப்ப அதே சார்ஜர், அதே பிளக், அதே மாதிரி கட் ஆகுற வரைக்கும் ஓட்டிட்டுப் போட்டா 2.2லயே ஃபுல்னு காட்டி நின்னுடுது. மூணுல ரெண்டு பங்கு, அதாவது 67 சதவீதம் கூட முழுசா இல்ல. மீட்டர் போட்டோ ரெண்டும் இணைச்சிருக்கேன்.

உங்க சர்வீஸ் அட்வைசர் டயர்ல காத்து கம்மி, ஓட்டுற ஸ்டைல், பின்னாடி ஆள் ஏத்துறீங்கன்னு வரிசையா காரணம் சொல்றார். இதெல்லாம் கிலோமீட்டரைக் குறைக்கும், ஒத்துக்கிறேன். ஆனா சுவத்துல இருக்குற பிளக்குல இருந்து பேட்டரிக்குள்ள எவ்வளவு கரண்ட் போகுதுங்கிறதுக்கும் டயர் காத்துக்கும் என்ன சார் சம்பந்தம்? ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்ங்கிற ரேஞ்ச் பத்தி நான் புகாரே சொல்லல, நீங்க போடுற ஐடிசி (இந்தியன் டிரைவிங் சைக்கிள்) ரேஞ்ச்ங்கிறது லேப்ல ரோலர் மேல ஓட்டி எடுக்குறது, ரோட்டுல குறையத்தான் செய்யும்னு தெரிஞ்சுதான் வாங்கினேன். நான் கேக்குறது கெப்பாசிட்டி.

இன்னொரு விஷயம் இதை விட மோசம். செக்கானூரணியில ஒரு வீட்டுல வேலை முடிச்சுட்டு வரும்போது 28 சதவீதம் காட்டிட்டு இருந்த வண்டி, யுனிவர்சிட்டி தாண்டினதும் திடீர்னு 6க்கு இறங்கி, ஸ்பீடு தானா குறைஞ்சு நடக்குற வேகத்துக்கு வந்துடுச்சு, பின்னாடி தேனி பஸ் ஹாரன் அடிச்சிட்டே வருது, டூல் பேக்கோட வண்டிய ஓரத்துக்குத் தள்ளிக் கொண்டு வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு. எங்க லைன்ல இருக்குறவங்களுக்கு இது புதுசு இல்ல. நாலு பேட்டரிய சீரீஸ்ல, அதாவது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா போட்டு அதுல ஒண்ணு வீக்கா இருந்தா மொத்த பேட்டரி செட்டும் அந்த ஒண்ணோட சேந்து படுத்துடும். உங்க பேட்டரி பேக்ல 14 செல் குரூப் சீரீஸ்ல இருக்கு, அதுல ஒரு குரூப் மத்ததை விட முன்னாடியே லோ வோல்டேஜுக்கு வந்தா பிஎம்எஸ், அதாவது பேட்டரியக் கண்காணிக்கிற சர்க்யூட், மொத்தத்தையும் கட் பண்ணும். அது பண்றது சரிதான், இல்லன்னா அந்த செல் கெட்டுப் போகும். ஆனா அப்படி ஒரு குரூப் தனியா இறங்குதுன்னா பேக்ல குறை இருக்குன்னு அர்த்தம், அதைப் போய் எப்படி நார்மல்னு எழுதுறீங்க?

14 குரூப்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. பேக் மேல இருக்குற ஸ்டிக்கர்ல 51.8 வோல்ட்னு இருக்கு. ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட், அதை 14ஆல பெருக்கினா 51.8. அது என்எம்சி, அதாவது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் செல். எல்எஃப்பியா, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டா இருந்தா ஒரு செல் 3.2 வோல்ட், 16 செல் போட்டு 51.2னு இருந்திருக்கும். உங்க சேல்ஸ் பையன் எனக்குக் கொடுத்த கொட்டேஷன்ல பேனாவால "எல்எஃப்பி பேட்டரி"னு எழுதிக் கொடுத்திருக்கார், அந்த பேப்பர் இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு. நான் எல்எஃப்பின்னு குறிப்பா கேட்டதுக்குக் காரணம் உண்டு. 2022 மார்ச்ல வேலூர்ல சார்ஜ்ல இருந்த ஸ்கூட்டர் எரிஞ்சு அப்பாவும் மகளும் செத்துப் போனாங்க, அந்தச் செய்தியிலிருந்து எங்க அம்மாவுக்கு பயம், அவங்க படுக்குற ரூமுக்கு வெளிய திண்ணையிலதான் வண்டி நிக்கும். எல்எஃப்பில பாஸ்பேட் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கும், லேசுல தீப்பிடிக்காது, ஆயுசும் அதிகம். என்எம்சில அதே வெயிட்டுக்கு கெப்பாசிட்டி கூட கிடைக்கும், அதனால வண்டி லைட்டா இருக்கும். ரெண்டுக்கும் அதது நல்லது இருக்கு, என்எம்சி மட்டம்னு நான் சொல்லல. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணைக் கொடுத்தது தப்பு.

மதுரை வெயிலுக்கு அப்படித்தான் ஆகும்னு அட்வைசர் சொன்னார். சூட்டுல லித்தியம் செல் சீக்கிரம் வயசாகும், அதுவும் ஃபுல் சார்ஜ்ல சூட்டுல நின்னா இன்னும் சீக்கிரம், உண்மைதான். ஆனா உங்க மேனுவல்ல 45 டிகிரி வரைக்கும் ஓட்டலாம்னு போட்டிருக்கு, கத்திரியில இங்க 40 தாண்டுறது உங்களுக்குத் தெரியாமயா இங்க ஷோரூம் திறந்தீங்க? கடைசியா "ஹைப்ரிட் கார்லாம் பாருங்க, பத்து வருஷம் பேட்டரி நிக்குது, எலக்ட்ரிக் இப்படித்தான்"னு வேற சொன்னார். 1997ல வந்த பிரியஸ்ல ரெண்டு யூனிட்டுக்கும் கம்மியான நிக்கல் பேட்டரிதான், அது நீடிச்சதுக்குக் காரணம் கம்ப்யூட்டர் அதை முழுசா நிரப்பவும் விடாது, முழுசா காலி பண்ணவும் விடாது, நடுவுலயே வச்சிருக்கும். அந்தப் பாதுகாப்பை கம்பெனிதான் செஞ்சது, கஸ்டமர் இல்ல. உங்க ஆப்ல 80ல சார்ஜை நிறுத்துற ஆப்ஷனே கிடையாது, மேனுவல்ல தினமும் ஃபுல் சார்ஜ் போடுங்கன்னு எழுதிட்டு இப்ப ஏன் ஃபுல் சார்ஜ் போட்டீங்கன்னு கேக்குறது நியாயமா?

நான் எலக்ட்ரிக் வண்டிக்கு எதிரி இல்ல சார். ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 9 யூனிட் எனர்ஜி இருக்கு, இன்ஜின்ல அதுல கால் பங்குக்குப் பக்கம்தான் சக்கரத்துக்கு வருது, மிச்சம் சூடாப் போயிடும். மோட்டார்ல அப்படி வீணாகாது. கடைக்கு வர்றவங்ககிட்ட எலக்ட்ரிக் வாங்குங்கன்னு நானே சொல்லியிருக்கேன். இப்ப அவங்க வந்து கேக்குறாங்க, என்ன பதில் சொல்றது?

எனக்கு வேண்டியது இதுதான். என் முன்னாடி வச்சு பேட்டரியக் காலி பண்ணி ஃபுல் சார்ஜ் போட்டு எத்தனை யூனிட்னு பிரிண்ட் கொடுங்க, டெஸ்ட் நடக்குறப்ப டெம்பரேச்சர் எவ்வளவுன்னும் அதுல இருக்கணும். 14 குரூப் வோல்டேஜும் ஃபுல்லா இருக்குறப்பவும் காலியாகுறப்பவும் தனித்தனியா வேணும். 70க்குக் கீழ வந்தா புது பேக் மாத்திக் கொடுங்க, வேற வண்டியில கழட்டினதை ரிப்பேர் பண்ணிப் போடுற வேலை வேண்டாம். கொட்டேஷன்ல எல்எஃப்பின்னு எழுதினதுக்கு எழுத்துல விளக்கம் கொடுங்க.

கடிதம் கிடைச்ச 15 நாளுக்குள்ள பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 நம்பர்ல புகார் பதிவு பண்ணிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடுவேன். 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸ் கூட கிடையாது.

இணைப்பு: இன்வாய்ஸ், கொட்டேஷன், வாரண்டி கார்டு, ஜாப் கார்டு காப்பி, மீட்டர் போட்டோ, பேக் ஸ்டிக்கர் போட்டோ.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
காளவாசல், மதுரை