செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: மாடியிலிருந்து இறங்கும் வழி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நம் தண்டையார்பேட்டை அடுக்ககத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தொட்டி கழுவப்பட்டது. மோட்டாருக்கு காயில் கட்டியாயிற்று. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மழைக்கு முன்பே வடிகாலைத் தூர்வாரியதால் பார்க்கிங்கில் தண்ணீர் நிற்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி செயற்குழு இந்த ஆண்டு அதிகம் பேசியது ஒன்றைப் பற்றித்தான்: பன்னிரண்டு மாடியில் தீப்பிடித்தால் எப்படி இறங்குவது?

பேச்சு தொடங்கியது ஏப்ரலில், தீத்தொண்டு வாரத்தில். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தபோது உயிரிழந்த தீயணைப்பு வீரர்களை நினைத்து நடத்தப்படும் வாரம் அது. துறைமுகத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் நம்மிடம் நிறைய உண்டு என்பதால் அதைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். பேச்சு 1975-இல் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் எரிந்ததற்குப் போய், அங்கிருந்து 2017-இல் தி.நகர் துணிக்கடைத் தீக்கு வந்து, கடைசியில் “நம்ம சந்துக்குள்ள ஏணி வண்டி திரும்புமா?” என்ற கேள்வியில் நின்றது. திரும்பாது. இரண்டு பக்கமும் பைக் நிற்கும்வரை நிச்சயம் திரும்பாது.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வீட்டு பால்கனியிலும் இறங்கு கருவி மாட்டலாம் என்ற யோசனை வந்தது. கருவி நல்ல கருவிதான். கொக்கியில் தொங்கும் ஒரு பெட்டி, அதன் வழியே ஓடும் கயிறு, கயிற்றின் இரு முனையிலும் மார்புப் பட்டை. கயிறு இழுபடும்போது உள்ளே சக்கரம் சுழலும். பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைக் கூட்டும். திருவிழாக் குடை ராட்டினத்தில் நாற்காலிகள் வெளிப்பக்கம் விரிகிற மாதிரி, உள்ளிருக்கும் கட்டைகள் விரிந்து சுற்றுச்சுவரில் உரசும். ஆள் கனமானால் உரசலும் கூடுவதால், 50 கிலோ மருமகளும் 90 கிலோ மாமனாரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் இறங்குவார்கள். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். ஒருவர் தரையைத் தொடும்போது மறுமுனைப் பட்டை மேலே வந்திருக்கும், அடுத்தவர் மாட்டிக்கொள்ளலாம்.

ஜப்பானில் இது பழைய சமாச்சாரம். அங்குள்ள விதிப்படி இறங்கும் வேகம் நொடிக்கு 16 முதல் 150 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கயிற்றின் நடுவில் எஃகுக் கம்பி, மேலே பருத்திப் பின்னல். ஆனால் அங்கேயும் இவ்வகைக் கருவிகளைப் பத்தாம் மாடி வரைதான் எதிர்பார்க்கிறார்கள். அதற்கு மேலே படிக்கட்டையும் கட்டடத்தின் தீத்தடுப்பையும்தான் நம்புகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டாம் மாடிக்காரர்கள் இதைக் கவனிக்கவும்.

ஜூலையில் ஒரு நிறுவனத்தார் வந்து மணல் மூட்டையைக் கட்டி இறக்கிக் காட்டினார்கள். மூட்டை ஆடிக்கொண்டே வந்து இரண்டாம் மாடி ஏ.சி. அவுட்டோர் யூனிட்டில் இடித்ததைப் பலரும் பார்த்தீர்கள். (நஷ்டத்தை அவர்களே கொடுத்துவிட்டார்கள்.) அப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பி பிளாக் பெரியவர் கேட்டார்: “தம்பி, கயிறு நல்லாத்தான் இருக்கு. ஊக்க எதுல மாட்டுவ?” விற்க வந்த பையன் பால்கனிச் சுவரைக் காட்டினான். அது ஹாலோ பிளாக் சுவர். போல்ட்டோடு பெயர்ந்து வரும். காங்கிரீட் தூணிலோ பீமிலோதான் கொக்கி இறங்க வேண்டும், அதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நம் கடல் காற்றில் கிரில்லே பொரிந்து உதிர்கிறது, இந்தக் கொக்கியை யார் வருஷா வருஷம் பார்ப்பது?

கிரில் என்றதும் இன்னொன்று. திருட்டுக்குப் பயந்து பால்கனி முழுக்க வெல்டிங் வைத்து அடைத்திருக்கிறோம். திறக்கும் கதவு உள்ள கிரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறது. கூண்டுக்குள் கருவியை மாட்டி எந்த வழியாக இறங்குவது?

மார்புப் பட்டையில் கையை மேலே தூக்கினால் நழுவிவிடும். பயத்தில் யாரும் முதலில் தூக்குவது கையைத்தான். சின்னப் பிள்ளைகளுக்கும், படுக்கையில் இருப்பவர்களுக்கும் இது உதவாது. கீழ்மாடி ஜன்னலில் தீ வந்தால் அதைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

இதனால் செயற்குழு முதலில் வாங்கச் சொல்வது கயிறு அல்ல, மீட்பு நாற்காலி. அடியில் ரப்பர் பட்டைகள் இருக்கும். உட்கார்ந்தவரின் எடையே பட்டையைப் படி விளிம்பில் அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தும். பழகிய ஒருவர் பின்னால் பிடித்தால் போதும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் 69ஆம் மாடியிலிருந்து, நடக்க இயலாத ஜான் அப்ரூசோவை உடன் வேலை பார்த்தவர்கள் இப்படி ஒரு நாற்காலியில்தான் இறக்கினார்கள். அதே கோபுரத்தில் 1993-இல் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு வாங்கி வைத்த நாற்காலி அது.

ஆனால் நம் படிக்கட்டில் இன்று அந்த நாற்காலி திரும்பாது. ஐந்தாம் மாடியில் செருப்பு அலமாரி, ஏழில் குழந்தை சைக்கிள், ஒன்பதில் பெயின்ட் டப்பா. தீயின்போது ஒதுங்கி நிற்பதற்கான புகலிடப் பகுதி நமக்கு எட்டாம் மாடியில் இருக்கிறது. அங்கே பழைய கட்டிலும் விநாயகர் சதுர்த்திப் பந்தல் கழிகளும் குடியிருக்கின்றன. படிக்கட்டின் புகைத்தடுப்புக் கதவுகளைக் காற்றுக்காகச் செங்கல் வைத்துத் திறந்து வைக்கிறார்கள். தீயைவிடப் புகை முந்திக்கொண்டு ஏறும். அந்தச் செங்கல் இருக்கும்வரை படிக்கட்டு புகைபோக்கிதான். மூன்று முறை சுற்றறிக்கை விட்டும் நகராதவற்றை இம்முறை காவலாளி எடுத்துவிடுவார், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பவை: மூலநிதியிலிருந்து இரண்டு மீட்பு நாற்காலிகள், ஒன்று எட்டாம் மாடிக்கு, ஒன்று பன்னிரண்டுக்கு. எல்லா வீட்டு கிரில்லிலும் திறக்கும் கதவு, சாவி உள்பக்கம் கைக்கெட்டும் ஆணியில். சொந்தச் செலவில் இறங்கு கருவி மாட்ட விரும்புவோருக்குப் பத்தாம் மாடி வரை அனுமதி, பொறியாளர் சான்று இருந்தால் மட்டும். நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீட்டு எண்கள் காவலாளி அறையில் இருக்க வேண்டும், அதைத் தருவதில் கூச்சம் வேண்டாம்.

நாற்காலி வந்ததும் ஒத்திகை நடக்கும். லிஃப்ட் நிறுத்தப்படும். உட்கார்ந்து இறங்கிக் காட்டவும், பின்னால் பிடித்துப் பழகவும் முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். கிரேன் ஐயா முதல் பெயரைக் கொடுத்துவிட்டார், பிடிக்க அல்ல, உட்கார.

நன்றி.
செயலாளர்