காசு கொடுத்து வாங்கின கேமிலும் வசூலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலவச வீடியோ கேமுக்குள் பொருள் விற்க கேம் கம்பெனிகள் கடை விரித்தால் சரி, அவர்களும் பிழைக்க வேண்டும். முழு விலை வாங்கிக்கொண்டும் வசூலிப்பது அநியாயம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என் தம்பி, வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கேம் வாங்கினான். உள்ளே போனால் நல்ல வண்டிக்குத் தனிக் காசு, கூடுதல் பரிசுகளைத் திறக்கும் சீசன் பாஸுக்குத் தனிக் காசு, அதையும் ரூபாயில் சொல்லாமல், கேமுக்குள் மட்டும் செல்லும் காயின்களைக் கட்டுக்கட்டாக விற்பதால் எப்போதும் கொஞ்சம் மிஞ்சி, அடுத்த கட்டையும் வாங்க வைக்கிறது. 2017-இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 கேமில் இதே வேலையைச் செய்தபோது ஆட்டக்காரர்கள் கொதித்தெழ, வெளியீட்டுக்குச் சற்று முன்பு, அந்த கேமின் கம்பெனியான இ.ஏ. அந்த விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. மறு வருடமே பெல்ஜியம், என்ன வருமென்று தெரியாமல் காசு கட்டித் திறக்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. இங்கேயும், உள்ளே என்னென்ன விற்கிறார்கள், ரூபாயில் எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே காட்டச் சட்டம் வேண்டும்.

ஒரு வாசகர், திருப்பூர்